பிரிக்கிற கூலி: தில்லியில் பழைய துணியோடு மல்லுக்கட்டிய கதைகள்

ஊசிநூல், ஆர்.கே.புரம்

போன ஜனவரியில் சரோஜினி நகர் சந்தையில் 250 ரூபாய்க்கு ஓர் ஆண்கள் கோட்டு வாங்கினேன். மேசைமேல் ஏறி நின்று "டாயி சௌ, டாயி சௌ" என்று கூவிக்கொண்டிருந்தவரின் காலடிக் குவியலிலிருந்து உருவியது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகளுக்குத்தான் அந்தச் சந்தைக்குப் பெயர். ஆனால் ஓரங்களில் யாரோ உடுத்திக் கழித்தவையும் மலைமலையாகக் கிடக்கும். (திங்கட்கிழமை சந்தை கிடையாது. அதை மறந்து இரண்டு முறை ஆட்டோவுக்குத் தண்டம் அழுதிருக்கிறேன்.)

கோட்டு நல்ல கம்பளி, நிறம்தான் சகிக்கவில்லை. தோளும் முதுகும் வெயிலில் வெளுத்து, நீலமும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் சோர்ந்து கிடந்தது. இடுப்போடு வெட்டிக் குட்டைக் கோட்டாக்கிவிடலாம் என்று எங்கள் செக்டரில் வேப்பமரத்தடியில் மெஷின் போட்டிருக்கும் மாஸ்டர்ஜியிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "புதிது தைத்தால் ஒரு கூலி, பழையதைப் பிரித்துத் தைத்தால் இரண்டு கூலி. நீ கொடுக்கமாட்டாய்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபத்தோடு வீட்டுக்கு வந்து நானே பிரிக்க உட்கார்ந்தேன். நான்கு சாயங்காலம் ஆயிற்று. அவர் கேட்டது நியாயமான கூலி என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. தையல் பிரிக்கும் முள் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அது கம்பளிக்குள் புதைந்துகொண்டு இழையையும் சேர்த்து இழுத்தது. அம்மா பயன்படுத்திய அதே பாதி பிளேடுக்கே திரும்பினேன்.

மூன்றாம் நாள் தோள் தையலைத் திறந்தபோதுதான் பார்த்தேன். மடிப்புக்குள் இருந்த துணி அடர்ந்த கருநீலம், வெயிலே காணாதது. லைனிங்கை முழுக்க எடுத்துவிட்டுப் பார்த்தால் உட்பக்கம் மொத்தமும் அப்படியே இருந்தது. வெட்டுகிற யோசனையை அங்கேயே விட்டேன். துணியையே உள்வெளியாகத் திருப்பித் தைப்பது என்று முடிவு செய்தேன்.

இது எல்லாக் கோட்டுக்கும் ஆகாது. இப்போதைய மலிவுக் கோட்டுகளில் முன்பக்க விறைப்புக்குக் கேன்வாஸைப் பசையிட்டுச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அதை உரித்தால் துணியின் உட்பக்கம் முழுவதும் பசைப் புள்ளிகள் மிஞ்சும், வெளியே காட்ட முடியாது. பழைய முறையில் கேன்வாஸைக் கையால் சாய்த்துச் சாய்த்துத் தைத்திருப்பார்கள். குவியலில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். பொத்தானுக்குப் பக்கத்தில் இரு விரலால் கிள்ளி உரசிப் பாருங்கள். வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியே நழுவினால் தையல். எல்லாம் ஒரே அட்டைபோல் நின்றால் பசை.

திருப்பியதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆண்கள் கோட்டில் காஜா இடப்பக்கம், பொத்தான் வலப்பக்கம். உள்வெளியானதும் இடம் வலமாகிவிட்டதால், நான் எதுவும் செய்யாமலே அது பெண்கள் கோட்டாகிவிட்டது! ஆனால் மேல்பையும் கூடவே வலப்பக்கம் போய்விட்டது. அதற்கான வெட்டு துணியிலேயே இருக்கிறது, மறைக்க வழியில்லை. அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகளும் இரண்டு இருந்தன. அவற்றை ரஃபூ போடுகிறவரிடம் கொடுத்தேன். நஜீபாபாத்காரர். அந்த ஊர் அந்தத் தொழிலுக்குப் பேர்போனது. கோட்டின் உள்மடிப்பிலிருந்தே இழைகளை ஒவ்வொன்றாக உருவி, ஊசியால் ஓட்டைக்குள் நெய்துவிட்டார். அடுத்த நாள் எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. கோட்டு வாங்கிய விலையைவிட அவருக்குக் கொடுத்தது அதிகம். ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

தைப்பூசத்தன்று அதைப் போட்டுக்கொண்டு மலை மந்திர் போனேன். படியிறங்கும்போது, மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, "மேல்பை வலப்பக்கம் இருக்கிறதே, கோட்டைத் திருப்பித் தைத்தாயாம்மா?" என்றார். அவர் வேலைக்கு வந்த புதிதில் இருந்தது ஒரே கோட்டாம். ஆறாம் வருடம் திருப்பித் தைத்துக்கொண்டாராம். "ஆபீசில் யாரும் கண்டுபிடிக்கக்கூடாது என்று அந்தப் பைமேல் எப்போதும் ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டே நடப்பேன்." அவர் மறைத்ததை நான் காட்டிக்கொண்டு திரிகிறேன். வகுப்பில் ஒரு பெண் என்னிடம் எந்த பிராண்டு என்று கேட்டாள்.

உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள். கெட்டுப்போன கதை என்றால் இன்னும் நல்லது.

முனிர்கா மாணவன்

கெட்டுப்போன கதை என்னிடம் இருக்கிறது அக்கா. நடைபாதையில் 120 ரூபாய்க்குக் கறுப்புச் சட்டை ஒன்று. வெள்ளைத் தீற்றல் விழுந்த சட்டைகள் கடையில் ஆயிரத்துக்கு மேல் விற்கின்றன, பிளீச் பாட்டில் ஒன்று போதுமே என்று விடுதிக் குளியலறையில் வேலையைத் தொடங்கினேன். தெளித்த இடம் வெளுக்கவில்லை, மஞ்சளாயிற்று. பிறகு கொழகொழத்தது. அலசினால் ஒரு கை ஊறிய அப்பளம்போலக் கையோடு வந்துவிட்டது. அசல் பட்டுச் சட்டை அது! பட்டும் கம்பளியும் முடியைப்போலப் புரதம், பிளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் அவற்றைக் கரைத்துவிடும் என்று வேதியியல் படிக்கும் அறைத்தோழன் பிற்பாடு சொன்னான். முன்பே சொல்லியிருக்கலாம். வினிகர் ஊற்றினால் வேகம் அடங்கும் என்று இன்னொருவன் பாட்டிலோடு வந்தான். அது குளோரின் வாயுவைக் கிளப்பும் என்று தெரிந்திருந்ததால் எல்லோரும் பிழைத்தோம்.

இப்போதெல்லாம் உள்தையலில் இரண்டு இழை உருவி நெருப்புக் காட்டாமல் எதையும் தொடுவதில்லை. காகிதம்போல் எரிந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டோ கம்பளியோ. பருத்தி ஜீன்ஸில் அதே பிளீச் அழகாக விழுந்தது. ஆனால் தையல் நூல் பாலியஸ்டர் போலிருக்கிறது, அது மட்டும் பழைய ஆரஞ்சு நிறத்தில் பிடிவாதமாக நிற்கிறது. அதையும் பாணி என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

கரோல்பாக் பேத்தி

என்னுடையது பாட்டியின் காஞ்சிபுரம் புடவை. அரக்கு உடல், மயில்கழுத்து நிறத்தில் கரை. முப்பது வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்ததில், பிரித்தவுடன் மடிப்புக்கு மடிப்பு கோடு போட்டதுபோல் கிழிந்தது. நடுவில் துணி கல்லாட்டம் இருக்கிறது, மடிப்பில் மட்டும் உயிர் இல்லை.

அம்மா ஊருக்குப் போனபோது பழைய பட்டு வாங்குகிறவரிடம் காட்டினாள். ஜரிகையை நகத்தால் சுரண்டி, அடியில் சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, வெள்ளிக்கு மட்டும் ஒரு விலை சொல்லியிருக்கிறார். பட்டுக்கு? "அதை எரித்துவிடுவோம் அம்மா." பாட்டியிடம் இதைச் சொன்னதும் புடவையைத் தூக்கி என்னிடம் கொடுத்து, "நீயே வெட்டிக்கொள், எரிக்கிறவன் கையில் கொடுக்கவேண்டாம்" என்றாள்.

மடிப்புகளுக்கு நடுவே இருந்த நல்ல பாகங்களை மட்டும் பட்டைகளாக வெட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். அடியில் மெல்லிய மல் துணி கொடுத்து, பட்டைகளை நெடுக்காக இணைத்து, கையில்லாத நீண்ட மேலங்கி தைத்தேன். ஊசி 11ஆம் எண். அதற்குமேல் போனால் பட்டில் துளை விழுந்து அப்படியே நிற்கும். கரையை எங்கே வைப்பது என்று திணறியபோது பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவி, "இது கோர்வை. இரண்டு பேர் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு தறிநாடா, அந்தப் பக்கம் ஒரு தறிநாடா என்று ஊடிழையை ஓட்டிக் கோத்து நெய்வார்கள். இந்தச் சேர்மானத்தை மட்டும் வெட்டாதே" என்றாள். அதனால் கரை முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் முழுசாக ஓடுகிறது. தோழியின் திருமணத்துக்கு அதை ஜீன்ஸின்மேல் போட்டுக்கொண்டு போனேன். பாட்டிக்கு ஜீன்ஸ் பிடிக்கவில்லை. மேலங்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் விஷயத்தில் அது பாராட்டு.

துவாரகா

மெரினோ ஸ்வெட்டரைச் சுடுநீரில் மெஷினில் போட்டுக் குழந்தைச் சட்டை ஆக்கினவள் நான். சுருங்கிக் கெட்டித்த கம்பளியை எங்கே வெட்டினாலும் பிசிறு வருவதில்லை என்பது அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். அதை வெட்டி இரண்டு ஜோடிக் கையுறை தைத்தேன். கணவர் இன்னும் அந்த ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மயூர் விஹார் மாமி

எங்கள் பக்கம் தலையில் பாத்திரக் கூடையோடு வருவாளே, பழைய துணிக்கு எவர்சில்வர் கொடுக்கிறவள், அவளிடம்தான் நான் துணி பார்க்கக் கற்றேன். நான் அடுக்கி வைத்த பட்டுக்கரைப் புடவையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பையனின் கால்சராயை எடுத்து வெயிலுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். உட்காரும் இடத்தில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. "இது ஒரு மாதம்கூடத் தாங்காது" என்று தள்ளிவிட்டாள். அடுத்து சட்டையின் கழுத்துப்பட்டியைத் திருப்பினாள், பிறகு அக்குளை முகர்ந்தாள். ஒரு நிமிடத்தில் என் இருபது துணி ஆறாகிவிட்டது. அதற்கு ஒரு மூடி போட்ட டப்பா. கிண்ணம் ஒன்று கூடக் கேட்டேன், தரவில்லை.

இந்தத் துணியெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டதற்கு ரகுபீர் நகர் என்றாள். அங்கே கோடா மண்டி என்று ஒரு சந்தை, விடிவதற்கு முன்னால் கூடுவது. பெண்ணை இழுத்துக்கொண்டு நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கைவிளக்கு வெளிச்சத்தில் ஆயிரம் மூட்டை. பெரும்பாலும் அவள் ஜாதிப் பெண்கள், குஜராத் பூர்வீகம், தரையில் உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் எல்லோரும் வியாபாரிகள். எங்களைப் பார்த்து விலையை ஏற்றினார்கள் என்பது நிச்சயம். ஆனாலும் ஆறு ஜீன்ஸ் 300 ரூபாய். ஒவ்வொன்றையும் என் கைபேசி விளக்கில் அவள் பிடித்ததுபோலவே பிடித்துப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் இரண்டு அலசு, ஒரு நாள் முழுக்க நல்ல வெயில்.

பெண்ணுக்குத் தரைதொடும் பாவாடை வேண்டியிருந்தது. காலின் உள்தையலைப் பிரித்து, நடுவே இன்னொரு ஜீன்ஸிலிருந்து முக்கோணம் வெட்டிச் சேர்த்தேன். 16ஆம் எண் ஊசி போட்டும், நான்கு தையல் வந்து கூடுகிற இடத்தில் இரண்டு ஊசி ஒடிந்தது. டீக்கு இஞ்சி தட்டுகிற சின்ன உலக்கையால் அந்த முடிச்சை நாலு தட்டுத் தட்டித் தட்டையாக்கியபின் மெஷின் முனகாமல் ஏறியது.

முனிர்காப் பிள்ளைக்கு: ஒட்டுத் துணி தேவையென்றால் மங்கோல்புரி கத்ரன் சந்தைக்குப் போ, கிலோ கணக்கில் கிடைக்கும். தீப்பெட்டியை மட்டும் அங்கே வெளியே எடுக்காதே.

ஊசிநூல், ஆர்.கே.புரம்

மாமி, உலக்கை யோசனைக்கு நன்றி. கோட்டின் காலரில் நான் ஒடித்தது மூன்று ஊசி. நேற்று மாஸ்டர்ஜி கடை வழியாகப் போனேன். கோட்டை வாங்கி உள்ளே திருப்பிப் பார்த்தார், தோளை இழுத்துப் பார்த்தார். வலது கை இடதைவிட அரை அங்குலம் குட்டை என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். அளந்தேன், உண்மைதான். பிரிக்கவேண்டும்.

கரோல்பாக் பேத்தி, அந்தக் கரையோரம் எப்படி விழுகிறது என்று ஒரு படம் போடுங்கள். நான் சனிக்கிழமை பொத்தான் வாங்கக் கினாரி பஜார் போகிறேன், ஞாயிறு அங்கே மூடியிருக்கும். யாருக்காவது ஏதாவது வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.