டர்பனில் சுற்றுச்சூழல் சுகாதாரம் மாஸ்டர்ஸ்: எதிக்ஸ் திரும்பி வந்துவிட்டது, ஊருக்கே போய்விடலாமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் மதுரைப் பக்கம். சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் மாஸ்டர்ஸ் படிக்க பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். என் ஆய்வுத் திட்டத்தை, ஆய்வு நெறிமுறை பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. மொத்தம் பதினாலு கேள்வி. ஒன்றுக்குப் பதில் எழுதினால் அதிலிருந்து இரண்டு முளைக்கிறது. கைடு வெளியூரில் இருக்கிறார், "தலைப்பை யோசித்துப் பார்" என்று ஒரே வரியில் மெயில். அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார். வீட்டில் கேட்டால் நல்லாப் போகுது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிப்பை விட்டுவிட்டு இங்கேயே ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போகலாமா? இல்லை ஊருக்குத் திரும்பிவிடலாமா? யாராவது சொல்லுங்கள்.

ஓவர்போர்ட்காரன்:

தங்கச்சி, முதலில் சாப்பிட்டாயா இல்லையா? அதைச் சொல். ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு காய்ந்து உட்கார்ந்தால் எல்லாமே முடிந்துபோன மாதிரிதான் தெரியும்.

நான் 2023 ஜனவரியில் வந்தேன். லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த வருஷம். ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம்கூட கரண்ட் இருக்காது. மின்சார அடுப்பில் அரிசியை வைத்தால் பாதி வேகும்போது போய்விடும். விறைத்த சோற்றில் ஊறுகாயைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்த நாள் எத்தனையோ. ஊரிலிருந்து கொண்டுவந்த அஞ்சு கிலோ பொன்னி தீர்ந்த அன்று அழுதேன். கீழ்வீட்டு ஆன்ட்டிதான் டேஸ்டிக் அரிசியைக் காட்டினார். நீளமாக இருக்கும், ஆனால் நம் புழுங்கல் மாதிரி அவித்த அரிசிதான். தண்ணீர் கூட வைத்துக் குழைய விட்டால் ரசத்துக்கு நன்றாகவே இருக்கும். கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்காதே. பக்கத்து வீட்டுக் கொல்லையில் கேள், கிளையோடு ஒடித்துக் கொடுப்பார்கள். வாரக் கடைசியில் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போ. முருங்கைக்காய் கிடைக்கும், சேப்பங்கிழங்கும் கிடைக்கும், இங்கே அதற்கு மடும்பி என்று பெயர். ஊரிலிருந்து யாராவது வந்தால் நம் 15 ஆம்பியர் பெரிய மூணு முள் பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொள். இங்கே சுவரில் அப்படியே பொருந்தும்.

வேலை பற்றி: ஸ்டடி விசாவில் வேலை பார்க்கவே கூடாது. அந்த நினைப்பை விட்டுவிடு.

ஜோபர்க் வாசி:

அண்ணன் சொன்ன கடைசி வரி சரியில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஸ்டடி விசாக்காரர் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதி நேர வேலை பார்க்கலாம். டியூட்டர் வேலை, லேப் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை துறையிலேயே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலை வேறு விஷயம். இங்கே அதன் பெயர் என்விரான்மென்டல் ஹெல்த் பிராக்டிஷனர். டாக்டர் பதிவு செய்கிற அதே ஹெச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலில் இவர்களும் பதிவு செய்ய வேண்டும். நாலு வருஷத் தொழிற்படிப்பு, அதன்மேல் ஒரு வருஷம் சமூகப் பணி. வெளிநாட்டில் படித்தவர்கள் சாக்வா என்ற அரசு அமைப்பிடம் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கி, கவுன்சில் வைக்கும் தேர்வையும் எழுத வேண்டும். ஆராய்ச்சி மாஸ்டர்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பதிவு கிடைக்காது. நீங்கள் இளநிலை என்ன படித்தீர்கள் என்று எழுதவே இல்லையே? அது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

இந்தத் துறையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2017, 18இல் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியிலிருந்து லிஸ்டீரியா கிருமி பரவி 1,060 பேருக்கு நோய் உறுதியாகி 216 பேர் இறந்தார்கள். 2024இல் சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் டெர்புஃபாஸ் என்ற பூச்சிமருந்து உடம்பில் ஏறி இறந்தார்கள். அதையடுத்து, நாட்டில் உள்ள ஸ்பாசா கடைகளையெல்லாம், அதாவது குடியிருப்புப் பகுதிச் சின்னக் கடைகளையெல்லாம், 21 நாளில் பதிவு செய்யச் சொல்லி அதிபர் உத்தரவு போட்டபோது, கடை கடையாக ஏறி இறங்கியது இந்தப் பிராக்டிஷனர்கள்தான். பத்தாயிரம் பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவ்வளவு ஆள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், படிப்பை விடாதீர்கள்.

கிளென்வுட் மாடிவீடு:

பதிவு பதிவு என்று பயமுறுத்த வேண்டாம். நான் பதிவில்லாமலேயே நாலு வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஆராய்ச்சி நிறுவனம், தொண்டு நிறுவனம், ஆலோசனை நிறுவனம் எதற்கும் அது தேவைப்படவில்லை.

எனக்குக் கஷ்டம் கொடுத்தது படிப்பு இல்லை, மற்ற எல்லாம்தான். சிம் கார்டு வாங்கப் போனால் முகவரிச் சான்று. முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தம் போட வங்கிக் கணக்கு. கணக்குத் திறக்கப் போனால் திரும்பவும் முகவரிச் சான்று. மூன்று வாரம் இப்படியே சுற்றினேன். வீட்டை விட்டு வந்தபோது அட்வான்ஸில் பாதியை வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்ததாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டார். நான் அடிக்காத ஆணி. உதவிக்கு யாரைக் கூப்பிடுவது? இங்கே தமிழர் என்று பெயர்தான், கோயிலில் நின்று தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆறு மாதம் யாரோடும் தமிழில் பேசாமல் இருந்தேன்.

ஓவர்போர்ட்காரன்:

உண்மைதான். என் பெயரைக்கூட அவர்களுக்குச் சொல்ல வரவில்லை.

மெரிபேங்க் பேத்தி:

என் தமிழில் பிழை இருக்கும், மன்னிக்கவும். நாற்பது வயதுக்கு மேல் கோயில் வகுப்பில் சேர்ந்து எழுதப் படித்துக்கொண்டேன்.

மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. எங்கள் ஆட்கள் அதற்குப் பின்னால் வந்த ஒரு கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். பள்ளியில் ஆங்கிலம், வேலையில் ஆங்கிலம். பாட்டி சாமிக்கு முன்னால் மட்டும் தமிழில் பேசுவாள். அவள் போனதும் வீட்டில் அதுவும் போய்விட்டது. நாங்கள் வேண்டாம் என்று விட்டதாக நினைக்காதீர்கள்.

1950இல் இனம் பார்த்துத் தனித்தனிப் பகுதியில் குடிவைக்கும் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எங்களை எங்கே குடிவைத்தார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், அவள் அதைத்தான் படிக்கிறாள். தெற்கு டர்பனில், இந்த மெரிபேங்கில், ஆலைகளுக்கு நடுவில் வைத்தார்கள். என் மகன் சின்னவனாக இருந்தபோது தெற்குக் காற்று திரும்பும் ராத்திரிகளில் அழுகிய முட்டை மாதிரி நாற்றம் வரும். ஜன்னலைச் சாத்தி, கீழே ஈரத் துண்டைச் சுருட்டி வைப்பேன். அவன் உட்கார்ந்தபடியே தூங்குவான். காலையில் பள்ளிக்கூடப் பையைத் தொட்டுப் பார்த்து "பம்ப் எடுத்தாயா" என்று கேட்காமல் அவனை வெளியே விட்டதில்லை. பம்ப் என்றால் மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சும் இன்ஹேலர். எங்கள் தெருவில் எல்லாத் தாயும் அதைத்தான் கேட்பாள்.

இங்கே செட்லர்ஸ் பள்ளியில் ஏற்கெனவே ஆய்வு நடந்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா என்று வந்தது. அதற்குப் பிறகும் பலர் வந்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து என்ன கண்டோம் என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர். அதனால் தங்கச்சி, கமிட்டி உன்னை நிறைய கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள். ஆனால் நீ விட்டுவிட்டுப் போனால் எனக்கு வருத்தம்.

கிளென்வுட் மாடிவீடு:

அக்கா, நான் எழுதியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரிட்சன் ரோடு:

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. வைகைக்கரை, மூன்று விஷயம் சொல்லுங்கள். விசா எந்தத் தேதி முடிகிறது? வகுப்பும் உண்டா, முழுக்க ஆராய்ச்சியா? உங்கள் தலைப்பு என்ன? மெரிபேங்க் அக்கா ஊகித்த மாதிரி குழந்தைகளை வைத்துத்தான் என்றால், அந்தப் பதினாலு கேள்வியும் என்னவாக இருக்கும் என்று என்னால் பார்க்காமலே சொல்ல முடியும்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மெரிபேங்க் அக்கா எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முழுக்க ஆராய்ச்சி, வகுப்பு கிடையாது. பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் விலங்கியல். தலைப்பு: தெற்கு டர்பனில் பள்ளிக் குழந்தைகளின் மூச்சுத்திறனும் காற்று மாசும். கேள்விகளில் பாதி பெற்றோர் ஒப்புதல் பற்றி. கல்வித்துறையின் அனுமதி எங்கே, ஜூலு மொழிபெயர்ப்பு எங்கே, ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா என்று தெரிந்தால் எங்கே அனுப்புவாய் என்று கேட்டிருக்கிறார்கள். விசா டிசம்பர் 31 வரை. மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீடும் அதுவரைதான் கட்டியிருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கானதை அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ரிட்சன் ரோடு:

அப்படியானால் அவசரம் விசாதான், எதிக்ஸ் அப்புறம். புதுப்பிக்கும் விண்ணப்பம் விசா முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே உள்ளே போக வேண்டும். உங்கள் கணக்குக்கு நவம்பர் 1. இப்போது ஆகஸ்ட் முதல் வாரம். பல்கலைக்கழகத்தின் கடிதம், பணம் இருப்பதற்கான சான்று, அடுத்த வருஷத்து மெடிக்கல் எய்டு, இந்தியக் காவல்துறைச் சான்று எல்லாம் வேண்டும். காவல்துறைச் சான்றுதான் இழுக்கும், அதை இந்த வாரமே தொடங்குங்கள். மெடிக்கல் எய்டு இந்த நாட்டுச் சட்டப்படி பதிவான திட்டமாக இருக்க வேண்டும், பயணக் காப்பீடு செல்லாது. விசா தாண்டி ஒரு நாள்கூடத் தங்காதீர்கள். தாண்டினால், எத்தனை நாள் என்பதைப் பொறுத்து, ஒரு வருஷத்திலிருந்து அஞ்சு வருஷம் வரை இந்த நாட்டுக்குள் வரவே தடை போடுவார்கள். ஊருக்குத் திரும்புவதாக முடிவு செய்தாலும் இதே தேதிதான் முக்கியம்.

இனி ஆய்வு. குழந்தைகளை வைத்துச் செய்வது நல்ல ஆய்வுதான், ஆனால் தனி ஆளாக ஒரு மாஸ்டர்ஸில் தூக்க முடியாத பாரம். பெற்றோர் கையெழுத்து, குழந்தையின் சொந்தச் சம்மதம், தலைமையாசிரியர் கடிதம், கல்வித்துறை அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் மாதங்கள் போகும். அதே ஊரை, அதே காற்றை வேறு வழியில் பாருங்கள். வென்ட்வொர்த் பக்கம் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2020 டிசம்பரில் வெடிப்புக்குப் பிறகு நின்றது. பிராஸ்பெக்டன் பக்கத்துப் பெரிய ஆலை 2022இல் நின்றது, அந்த வருஷ ஏப்ரலில் வெள்ளமும் உள்ளே புகுந்தது. பல வருஷம் சல்ஃபர் டையாக்சைடு கக்கிய இரண்டு ஆலைகள் ஒன்றரை வருஷத்துக்குள் மூடின. முன்னும் பின்னும் காற்று எப்படி மாறியது? இது முழு தீசிஸுக்குத் தாங்கும்.

நகராட்சியின் அளவீட்டு நிலையம் செட்லர்ஸிலேயே ஒன்று உண்டு, வென்ட்வொர்த்தில் ஒன்று, பிராஸ்பெக்டனில் ஒன்று. சாக்விஸ் என்ற தேசியத் தளத்தில் தரவைப் பாருங்கள். சில மாதங்கள் விடுபட்டிருக்கும், நகராட்சியிடம் மூலத் தரவைக் கடிதம் எழுதிக் கேளுங்கள். சல்ஃபர் டையாக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 125 மைக்ரோகிராம், வருஷத்துக்கு நாலு நாள் தாண்டலாம். எத்தனை நாள் தாண்டியது என்பதிலிருந்து தொடங்குங்கள். 2020 ஊரடங்கு நடுவில் வரும், அதைத் தனியாகப் பிரித்துக் காட்டாவிட்டால் தேர்வாளர் முதல் கேள்வியே அதுதான் கேட்பார். காற்றுத் திசையையும் சேருங்கள். குளிர்காலத்துக் காலை வேளையில் புகை மேலே போகாமல் தேங்கும், அதனால் மாதங்களைக் கலந்து சராசரி எடுக்காதீர்கள். ஆட்களைத் தொடாத ஆய்வு என்பதால் எதிக்ஸ் கமிட்டியிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். விலக்குக் கடிதம் கைக்கு வராமல் மட்டும் ஒரு எண்ணையும் எடுக்க ஆரம்பிக்காதீர்கள்.

கைடு "தலைப்பை யோசி" என்று எழுதியதை, உன்னால் முடியாது என்று படித்துவிட்டீர்கள் போல. ஒரே பக்கத்தில் புதுத் தலைப்பை எழுதி, நாளைக்கே அவருக்கு அனுப்புங்கள். நீளமாக எழுதினால் பயணத்தில் படிக்க மாட்டார்.

ஜோபர்க் வாசி:

விலங்கியல் என்றால் தொழில் பதிவு வராது, அதைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். மாசு அளவீடு, புள்ளியியல் இரண்டும் கையில் இருந்தால் வேலைக்கு வேறு வழி உண்டு. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

மெரிபேங்க் பேத்தி:

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். தங்கச்சி, நீ வா. கிளென்வுட் தம்பியும் வரட்டும். எங்கள் தெருவில் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். எந்த வருஷம், எந்த மாதம் நாற்றம் குறைந்தது என்று நாள்காட்டி மாதிரி சொல்வார்கள். உன் எண்களோடு சேர்த்துப் பார்.

ரிட்சன் ரோடு:

போய்க் கேளுங்கள், கட்டாயம். ஆனால் அவர்கள் சொல்வதை தீசிஸில் எழுதினால் அது திரும்பவும் மனிதர்களை வைத்த ஆய்வாகிவிடும், விலக்கு செல்லாது. உங்கள் புரிதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

காவல்துறைச் சான்று விண்ணப்பத்தை இப்போதுதான் திறந்தேன். பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருக்கிறது, இப்போது வீடு மாறிவிட்டோம். எந்த முகவரியைப் போடுவது?

ரிட்சன் ரோடு:

பாஸ்போர்ட்டில் உள்ளதை மறைக்காமல் போடுங்கள், இப்போதைய முகவரியைத் தனிக் கட்டத்தில் கேட்பார்கள். விசாரணைக்கு போலீஸ் வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அதனால் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எதிக்ஸ் திரும்பி வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

சரி. ஊரில் இப்போது விடிந்திருக்கும். கூப்பிடுகிறேன்.