புதுப்பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான் கோட்டயத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம், 2013. கூட வேலை பார்த்த சேட்டனின் மூன்று வயது மகளுக்குக் காது கேட்காது. காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவியை ஆபரேஷன் செய்து இலவசமாகப் பொருத்தும் ஸ்ருதிதரங்கம் திட்டம் கேரளத்தில் அப்போது வந்திருந்தது. விண்ணப்பம் கொடுத்தும் காகிதம் நகரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை குஞ்ஞூஞ்ஞு வீட்டில் இருப்பார், வா" என்று என்னையும் புதுப்பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

குஞ்ஞூஞ்ஞு என்பது உம்மன் சாண்டிக்கு ஊர் வைத்த செல்லப்பெயர். அப்போது அவர் கேரள முதலமைச்சர், புதுப்பள்ளி அவர் சொந்த ஊர். வாசலில் கல்யாண வீட்டுக் கூட்டம். சீவாத தலை, கசங்கிய கதர்ச் சட்டை, நடுவில் நின்றுகொண்டே மனுக்களை வாங்கிப் படித்தார். சேட்டன் கொடுத்த மனுவின் ஓரத்தில் இரண்டு வரி எழுதி உதவியாளரிடம் நீட்டினார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார், அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். சில மாதங்களில் ஆபரேஷன் நடந்தது.

முதலமைச்சர் கிராம அதிகாரி வேலையைப் பார்க்கலாமா என்று மக்களை நேரில் பார்த்து மனு வாங்கும் அவரது ஜனசம்பர்க்க முகாம்களை அப்போது பலரும் குறை சொன்னார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கீழே காகிதம் நகராதபோது, பெற்றவன் வேறு எங்கே போவான்? அந்த முகாம்களுக்கு அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சேவை விருது கிடைத்தது.

1970இல் 26 வயதில் முதன்முறை எம்.எல்.ஏ.வாக ஜெயித்தவர் உம்மன் சாண்டி. அதையும் சேர்த்துத் தொடர்ந்து 12 முறை, எல்லாம் புதுப்பள்ளியிலேயே. எம்.எல்.ஏ.வாக இருக்கும்போதே 2023 ஜூலை 18 அன்று பெங்களூரில் இறந்தார்.

மறுநாள் காலை திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் உடல் கிளம்பியது. 150 கிலோமீட்டர் தூரம். வழியெல்லாம் ஜனம் மறித்ததால், கோட்டயம் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. திருநக்கரை மைதானத்தில் இரவு முழுக்க நாங்கள் காத்திருந்தோம். சேட்டன் மகளையும் கூட்டி வந்திருந்தார், பதின்மூன்று வயது அப்போது.

வண்டி தெரிந்ததும் "கண்ணே கரளே (கண்ணே, உயிரே) குஞ்ஞூஞ்ஞே" என்று கூட்டம் குரல் கொடுத்தது. அவளும் சேர்ந்து சொன்னாள். பின்னாலிருந்து தள்ளுமுள்ளு. அவள் காதுக்குப் பின்னால் இருக்கும் கருவி கழன்று விழுந்துவிடாதபடி, சேட்டன் கடைசிவரை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டே நின்றார்.