அடாண்டோசான் கொடுங்கோலனா, இல்ல தோத்துப்போனவனா?

திண்ணைவாசி:
டஹோமி ராஜ்யம் (இப்ப பெனின் நாடு) பத்தி யார் பேசினாலும் அதே கததான், அடாண்டோசான் கொடுமைக்காரன், 1818ல தம்பி கெஸோ அவன இறக்கிட்டு நாட்ட காப்பாத்துனான்னு. 21 வருஷம் ஆண்டவன் பேர ராஜாக்கள் வரிசைலருந்தே தூக்கிட்டாங்களே, அது ஏன்னு யாராச்சும் கேட்டீங்களா?

காட்டுப்பூனை:
பேர தூக்கிட்டா உடனே நல்லவனா அண்ணே? அப்பா அகோங்லோ 1797ல கொல்லப்பட்டதும் எதிர் கோஷ்டி ஆளுங்கள அடிமையா வித்தான், அதுல கெஸோவோட அம்மாவும் உண்டுன்னு சொல்றாங்க. அதுவும் போக அங்க மூத்தவன்னா தானா பட்டம் வராது, மிகான், மெஹு மாதிரி பெரிய மந்திரிங்க ஒத்துக்கணும், அவங்களே கைவிட்டுட்டாங்கன்னா என்ன அர்த்தம்?

திண்ணைவாசி:
துட்டு கைமாறிச்சுன்னு அர்த்தம் 😄 டி சோசான்னு பிரேசில்லருந்து வந்த அடிமை வியாபாரி, பாக்கிய கேக்கப் போனவன அடாண்டோசான் புடிச்சு உள்ள வெச்சான், அவன் தப்பிச்சு வந்து கெஸோவுக்கு துப்பாக்கி, சரக்குன்னு அனுப்ப, ஜெயிச்சதும் உய்தா துறைமுகத்துல 'சாசா'ன்னு பட்டம், வியாபாரம் மொத்தமும் அவன் கைல. இதத்தான் நாட்ட காப்பாத்துனதுன்னு சொல்றீங்க.

உப்புமூட்டை:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். அடாண்டோசானும் அடிமை வித்தவன்தான், வியாபாரம் நடக்கணும்னு போர்ச்சுகல் இளவரசருக்கு சிம்மாசனமே பரிசா அனுப்பினான் (ரியோ மியூசியத்துல இருந்துச்சு, 2018 தீ விபத்துல போச்சு, பாவம்). ஐரோப்பால சண்டை, 1807ல அடிமை வியாபாரத்துக்கு பிரிட்டன் தடை, உய்தால வருமானம் படுத்துருச்சு. வருமானம் விழுந்தா பழி ராஜா தலைலதான விடியும்.

காட்டுப்பூனை:
சரி, ஆனா பக்கத்து பெரிய ராஜ்யம் ஓயோவுக்கு டஹோமி கட்டிட்டிருந்த கப்பத்த நிறுத்துனது யாரு? கெஸோ. அத அடாண்டோசான் செஞ்சானா?

திண்ணைவாசி:
ஓயோவே அப்ப உடைஞ்சுட்டிருந்துச்சுப்பா, 1817ல இலோரின் ஊர்ல அவங்க தளபதி அஃபோன்ஜாவே கலகம் பண்ணி படுத்தி எடுத்தான். விழுந்த மரத்துல ஏறி நின்னா வீரனா?

காட்டுப்பூனை:
ஏறி நிக்கவும் ஒருத்தன் வேணும்ல. அண்ணன கொல்லாம அடைச்சுதான் வெச்சான், அதையும் சேத்து எழுதுங்க.

திண்ணைவாசி:
உயிர விட்டுட்டு பேர கொன்னான். அதுக்கு நூறு வருஷம் முன்னாடி ஹாங்பேன்னு ஒரு ராணிக்கும் இதே கதிதான், அவ என்ன கொடும பண்ணா? அதுக்கு பதில் சொல்லுங்க முதல்ல.