புதுப்பிப்பு: கறுப்பு-சிவப்புச் சட்டி இந்த முறை பிழைத்தது

போன மாதம் எழுதியிருந்தேன்: கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்கலங்களைப் போல, அடுப்பில் வைக்கத் தகுந்த சட்டி செய்தேன், ஒன்பதில் ஆறு சூளையிலேயே வெடித்துவிட்டன என்று. மண் சரியில்லை என்றீர்கள். பாதி சரி.

பர்கூர் பக்கம் சட்டி வனையும் பெரியவர் ஒருவரிடம் உடைந்த சட்டித் துண்டைக் காட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். "மாவு மாதிரி சலிச்சிருக்கீங்க தம்பி, மணல் எங்க?" என்றார். சூட்டில் விரிந்து சுருங்க மணல்தான் இடம் கொடுக்கும். அப்புறம், ஈரம். அவசரமாக வெயிலில் வைத்ததில் மேலே மட்டும் காய்ந்திருக்கிறது. உள்ளே நின்ற ஈரம் சூளையில் ஆவியாகிச் சட்டியைப் பிளந்துவிட்டது.

இந்த முறை நாலு பங்கு ஏரிக் களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல், பத்து நாள் நிழல். காவி பூசி, கூழாங்கல்லால் பளபளவென்று தேய்த்தேன். கவிழ்த்து, வாயை உமிக்குள் புதைத்துச் சுட்டேன். காற்றுப் படாத உள்புறமும் விளிம்பும் கறுத்தன. காற்றுப் பட்ட வெளிப்புறம், மண்ணில் உள்ள இரும்பால் சிவந்தது. இந்த வகைக் கலம் தமிழ்நாட்டில் புதிய கற்காலத்தின் இறுதியிலேயே வந்துவிட்டது என்கிறது தொல்லியல் துறை. சாம்பலை விலக்கி முதல் சட்டியை எடுத்தபோது கண் கலங்கிவிட்டது.

எட்டில் ஏழு தப்பின. வடிகஞ்சி ஊற்றிப் பழக்கிய சட்டியில் நேற்று கொள்ளு கடைந்தோம், ராகிக் களிக்கு. ஒன்று மட்டும் லேசாகக் கசிகிறது. அதில் குடிதண்ணீர் வைத்திருக்கிறேன், நன்றாகக் குளிர்கிறது.