தரிசாய்ப் போன முந்திரிக்காட்டில் புதர் மண்டுகிறது, எதை வெட்டாமல் விடலாம்?

பலாப்பழத்தான்:
பண்ருட்டி பக்கம் ரெண்டு ஏக்கர் செம்மண் மேடு. 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியைச் சாய்த்துவிட்டது. அப்புறம் கொஞ்ச காலம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டோம், ஆள் கிடைக்காமல் அதையும் விட்டாச்சு. இப்போது ஒரு பக்கம் ஆவாரையும் கொழுஞ்சியும், வண்டிப்பாதை ஓரம் வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்), பனையடியில் மட்டும் காரைமுள்ளும் வேப்பங்கன்றும். ஒரே நிலத்தில் ஏன் இப்படித் திட்டுத் திட்டாக? ஜேசிபி விட்டு வழித்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. மறுபடி முந்திரி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

மேட்டாங்காடு:
சித்தப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க தம்பி. விதையை யார் கொண்டுவந்தார்கள் என்று பார்த்தால் பாதி புரியும். பனையில் வந்து உட்காருகிற பறவை காரைப்பழமும் வேப்பம்பழமும் தின்றுவிட்டு எச்சமிடும், அதான் அடியில் கூட்டமாக முளைக்கிறது. நிழலும் இருப்பதால் கன்று பிழைக்கிறது. வேலிக்காத்தான் காயைத் தின்பது ஆடு மாடு. விதை சாணியிலும் புழுக்கையிலும் வந்து விழும், அதனால்தான் பாதை ஓரம் பிடித்திருக்கிறது.

அடுத்தது தண்ணீர்ச் சண்டை. நமக்கு மழை குறைவில்லை, ஆனால் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. கோடையில் மேட்டு மண்ணில் மேல் ஒரு அடி காய்ந்து கிடக்கும். முதல் வருஷம் புல்லோடு போட்டிபோட்டு வேரை ஆழமாக இறக்கிவிட்ட செடிதான் தப்பிக்கும். ஆவாரை அதில் கெட்டி, மாடும் கடிக்காது. வேலிக்காத்தான் இன்னும் கெட்டி. பந்தல்போல் கவிந்து, அடியில் புல்லைக்கூட வளரவிடாது.

என் யோசனை: கொழுஞ்சியை வெட்டாமல் விட்டுவிடுங்கள். நம் பெரியவர்கள் நஞ்சையில் மடக்கி உழுத பசுந்தாள் உரம்தானே அது. ஆவாரையும் இருக்கட்டும், நட்ட கன்றைச் சுற்றி மட்டும் அப்புறப்படுத்தினால் போதும். வேலிக்காத்தானை மட்டும் குறிவையுங்கள்.

விறகுவண்டி:
வெட்டிக்கொள்ள ஆள் கூப்பிட்டால் காசும் வரும், இடமும் சுத்தமாகும்.

மேட்டாங்காடு:
சுத்தமாகாது. அவர்கள் தரைக்கு மேலே வெட்டுவார்கள், ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். பெரிய மரத்துக்குத் தூரை ஒரு அடி ஆழமாவது தோண்டி எடுக்கணும். வழித்துவிட்டால் இன்னும் மோசம், வெற்று மண்ணில் மண்ணுக்குள் கிடக்கிற விதைதான் முந்திக்கொள்ளும்.

புதுவைக்காரி:
1968-ல் புதுச்சேரி பக்கம் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மொட்டையாக, மழைநீர் அரித்த ஓடைகளோடு கிடந்தது. முதலில் வரப்பு போட்டு மழையைத் தேக்கினார்கள். சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய அகேசியா மர நிழலில் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். உங்கள் பனையடி வேம்பு அந்த வேலையைச் சும்மாவே செய்கிறது, அதை வெட்டாதீங்க.

பலாப்பழத்தான்:
நன்றி. போன கோடையில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்ட இடத்திலும் வேலிக்காத்தான் முளைத்திருக்கு. இனி கிடையே வேண்டாமா?

மேட்டாங்காடு:
கிடை உரத்தை ஏன் விடணும்? காய் பழுத்து உதிரும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். மழைக்கு மண் இளகினதும் அந்த இடத்தில் நடந்து பாருங்கள். விரல் நீளக் கன்று கையோடு வந்துவிடும், அடுத்த வருஷம் கடப்பாரை கேட்கும்.