மறு: லென்ஸ் மவுண்ட்டுக்கு ‘பூண்’ சரிப்படுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கேமராவில் வில்லை (லென்ஸ்) வந்து பொருந்தும் வளையமான மவுண்ட்டுக்குத் தமிழில் ‘வில்லைத் தாங்கி’, ‘வில்லை ஏற்றி’ என்றெல்லாம் சொல்லிப் பார்க்கிறோம். ‘வில்லைத் தாங்கி’ வேண்டாம் என்பது என் கட்சி. முக்காலியும் தாங்கிதான், தோளில் மாட்டும் ரிக்கும் தாங்கிதான். படப்பிடிப்பில் ‘தாங்கியை எடு’ என்றால் உதவியாளர் எதை எடுப்பார்? ‘வில்லை ஏற்றி’ என்றாலோ லாரியில் மூட்டை ஏற்றுவது போல இருக்கிறது.

போன மாதம் முட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கேமராவில் இருந்தது இஎஃப் மவுண்ட். வாடகைக்கு வந்தவை பிஎல் என்ற வேறு வகை மவுண்ட்டுக்கான வில்லைகள். உப்புக்காற்றுக்குப் பயந்து லாட்ஜ் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, கட்டிலில் வெள்ளைத் துண்டு விரித்து, வியர்த்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றி மவுண்ட்டை மாற்றினோம். மவுண்ட்டுக்கு அடியில் வைக்கிற ஷிம் என்ற மெல்லிய தகடு ஒன்று கூடுதலாகப் போய்விட்டது. அறைக்குள் எடுத்த முகமெல்லாம் ஊசிபோலத் தெளிவு. மறுநாள் 18 மி.மீ. வில்லையைக் கலங்கரை விளக்கத்தின் பக்கம் திருப்பினால், ஃபோகஸ் வளையம் கடைசிவரை போய் முட்டியும் விளக்கம் கலங்கலாகவே நின்றது.

மவுண்ட் முகத்திலிருந்து உணரி (சென்சார்) வரை பிஎல்லுக்கு 52 மி.மீ., இஎஃப்புக்கு 44. இதில் ஒரு ஷிம்மால் 0.05 மி.மீ. கூடினாலே கணக்குப்படி 18 மி.மீ. வில்லை ஆறரை மீட்டருக்கு அப்பால் தெளியாது. அதே பிழையோடு 100 மி.மீ. வில்லை 200 மீட்டர்வரை போகும். 18 மி.மீ. போன்ற அகலவில்லைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆக, இந்தத் தூரத்துக்கும் சேர்த்துப் பெயர் வேண்டும்.

உலக்கை நுனியில் ஓர் இரும்பு வளையம் உண்டே, அதுதான் பூண். மவுண்ட்டும் உலோக வளையம்தானே? பூண் என்று வைத்துவிட்டால் பூண் ஆழம் (உணரிவரை உள்ள அந்தத் தூரம்), பூண் வாய், பூண் மாற்றுதல் எல்லாம் தானாக வருகின்றன. அடாப்டர் வேறு, அது வேறு வகை வில்லையைப் பொருத்த, இருக்கிற பூணின்மேல் வந்து உட்காருவது. அதற்கு ‘இடைப்பூண்’. அரைஞாண் மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பீர்கள். சிரித்தால் மறக்காது.

‘உலக்கைப் பூண் அடித்து இறுக்கியது, கழற்றுவதற்கில்லையே’ என்று குலசேகரத்து அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, கோடையில் மரம் வற்றினால் அது தானே கழன்று விழும். தக்கலையில் எங்கள் பாட்டி உலக்கையைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் எடுப்பார்.

— — —

> பூண் ஆழம்

தம்பி, ஆழம் வேண்டாம். படத்தில் எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பதற்குப் புல ஆழம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். ‘பூண் தூரம்’ போதும். உலக்கை விஷயத்தில் தோற்றேன், பூணுக்கே என் ஓட்டு. அப்புறம், ஷிம்முக்கு ‘இடைத்தகடு’ என்று வைக்கலாமா?

— — —

தூரம், சரி அண்ணே. ஷிம் ஷிம்மாகவே இருக்கட்டும். மார்த்தாண்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஷிம் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். இடைத்தகடு கேட்டால் தகரக்கடைக்கு வழி சொல்வார்கள்.