மாடிக் கட்டில் சட்டம்: ஸ்க்ரூ கணக்கு, புதுப்பிப்பு

பிள்ளையின் எச்டிபி (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) அறைக்கு பைன் மரத்தில் மாடிக் கட்டில் செய்கிறேன், குறுக்குச் சட்டத்தை ஒவ்வொரு காலோடும் பிடிக்க 6 மிமீ ஸ்க்ரூ எத்தனை போதும் என்று முன்பு கேட்டிருந்தேன். யூரோகோடு 5 (மரக் கட்டுமானத்துக்கான ஐரோப்பியத் தரநிலை) முறையில் கணக்குப் போட்டுவிட்டேன்.

முக்கியமான விஷயம் விட்டம்தான். ஸ்க்ரூவின் மரை, சட்டமும் காலும் தொடும் இணைப்புத் தளம் வரை வந்தால் 6 மிமீ என்று எடுக்கக்கூடாது, மரையின் அடிவிட்டத்தை (மரைப் பள்ளத்தில் உள்ள தண்டின் விட்டம்) 1.1-ஆல் பெருக்க வேண்டும். என்னுடையதற்கு அடிவிட்டம் 4, அதனால் 4.4 மிமீ. 38 மிமீ சட்டம், சி24 தர மரம் (சி24 என்பது மரத்தின் வலிமைத் தரம்), பாதுகாப்புக் காரணிகள் எல்லாம் போட்டால் ஒரு ஸ்க்ரூ பக்கவாட்டில் சுமார் 0.8 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 80 கிலோ தாங்கும்.

மெத்தை, ஆட்கள் சேர்த்து 200 கிலோ, அதை ஒன்றரை மடங்காக்கி நாலு காலுக்குப் பிரித்தால் காலுக்கு 75 கிலோ. ஒன்றே போதும் போலத் தெரியும், ஆனால் பிள்ளைகள் குதிப்பார்கள், அதனால் மூன்று போடுகிறேன்.

அப்புறம், டிரைவால் ஸ்க்ரூ (ஜிப்சம் பலகை பொருத்தும் ஸ்க்ரூ) வேண்டவே வேண்டாம், வளையாமல் பட்டென்று முறியும். சட்டத்தின் வெட்டுமுனைக்குள் (மர இழைகள் முடியும் முனை) நேராக இறக்கிய ஸ்க்ரூவையும் நம்பாதீர்கள், இழுத்தால் கழன்றுவிடும்.